ஒன்பதாம் அறை ஏலம்

நீங்கள் என்னை எழுத உட்கார வைத்த இந்த மேசை நல்ல செங்கால் மரம், இன்ஸ்பெக்டர் ஐயா. யாரோ பச்சைச் சாயத்தைப் பூசிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். சுரண்டி எடுத்து மெழுகு தேய்த்தால் மலாக்காவில் இதற்கு மூன்று பேர் போட்டி போடுவார்கள். தள்ளிவிடும் எண்ணம் வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் எங்கே இருப்பேன் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

என் பெயர் இராஜமாணிக்கம். வயது ஐம்பத்தெட்டு. பெடாஸ் பட்டணத்திலிருந்து உள்ளே போனால் வரும் எறும்புமலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் கிராணியாக இருந்தவன். ஆபீஸில் உட்கார்ந்து எழுதியே காலம் தள்ளியவன் என்பதால் என் கையெழுத்து படிக்க வசதியாக இருக்கும். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வெளியே என்னைப் பற்றி என்னென்னவோ பேசுவதாகக் கேள்விப்பட்டேன். அதில் பாதி பொறாமை, மீதி ஞாபக மறதி.

எண்பத்தைந்தில் தோட்டத்தை வீடமைப்புக் கம்பெனி ஒன்று வாங்கியது. கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களுக்குக் கையில் கொஞ்சம் பணமும், மலிவு வீடு கட்டித் தருவதாக ஒரு கடிதமும் கிடைத்தன. வீடு வரும்வரை செனாவாங்கிலும் பாரோயிலும் குடும்பத்துக்கு ஓர் அறை எடுத்துத் தங்கினார்கள். ஓர் அறையில் ஆறு பேர் படுத்தால் கட்டிலும் அலமாரியும் ஆட்டுக்கல்லும் எங்கே படுக்கும். அதற்குத்தான் கம்பெனி நல்ல மனசோடு பழைய புகைவீட்டை ஒதுக்கிக் கொடுத்தது.

புகைவீடு தெரியுமல்லவா. கித்தாத் தகடுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைக்கிற கட்டடம். எங்களுடையது வெள்ளைக்காரன் கட்டியது, பன்னிரண்டு அறைகள். ஒவ்வொன்றுக்கும் முழங்கை கனத்துக்குச் செங்கல் சுவர், தகரம் அடித்த கெட்டிக் கதவு, தரையில் நெருப்புப் போடும் குழி. ஜன்னல் கிடையாது. கூரையில் புகை போக நாலு ஓட்டைகள் உண்டு. ஆகவே காற்றுக்குக் குறைவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிபந்தனை சுலபமானது. அவரவர் சாமானை அவரவர் அறையில் வைத்து அவரவர் பூட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஓர் ஆண்டுக்குள் எடுக்காவிட்டால் அறையைச் சாமானோடு ஏலம் விடுவார்கள். ஏலம் கேட்பவன் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கலாம். கால் வைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. இந்த நிபந்தனைகளையெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சுப் போட்டு ஆபீஸ் பலகையில் நானே ஒட்டினேன். ஆபீஸ் மூடிக் கிடந்தது என்பது உண்மைதான். ஆனால் பலகை வெளியேதான் இருந்தது. படித்துச் சொல்லுங்கள் என்று வந்து கேட்டவர்கள் எவருக்கும் நான் இல்லை என்று சொன்னதில்லை. ஒருவரும் வந்து கேட்கவில்லை.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனி என்னையே வைத்துக்கொண்டது. காவல் பார்க்கிறவன் ஏலம் கேட்டால் நன்றாக இருக்காதே என்று என் மனைவி வள்ளியம்மா பெயரில் கேட்டேன். எத்தனை அறைகள் வாங்கினாள் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. பாவம், அவளை இதில் இழுக்க வேண்டாம்.

முதல் ஏலம் எனக்குச் சரியாக வரவில்லை. சிரம்பானிலிருந்து பழைய சாமான் வாங்கும் சீனர்கள் இரண்டு பேர் வந்து விலையை ஏற்றிவிட்டார்கள். மனசு கேட்கவில்லை. நம் ஜனங்களின் குத்துவிளக்கையும் அண்டாவையும் வெளியாள் எடைக்கு வாங்கிப் போவதா என்று வருத்தமாக இருந்தது. அடுத்த மாத ஏலத்துக்கு முன்னால், நல்ல சாமான் இருப்பதாக எனக்குத் தெரிந்த மூன்றாம் அறைப் பூட்டில் ஓர் எலுமிச்சம்பழத்தைச் சிவப்பு நூலில் கட்டித் தொங்கவிட்டேன். கதவில் குங்குமத்தால் சின்னதாக ஒரு சூலம் போட்டேன். அவ்வளவுதான். முனியாண்டி இங்கே இருக்கிறார் என்று நான் ஓர் ஆளிடமும் சொல்லவில்லை. சொன்னதாக யாராவது சாட்சி சொன்னால் அது பொய்.

மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். அப்போது கடைசி லயத்தில் பதினைந்து குடும்பங்கள் இன்னும் காலி பண்ணாமல் இருந்தன. ஒரே வாரத்தில் ஒருவர் சுருட்டு வாசனையை முகர்ந்துவிட்டார், இன்னொருவர் குதிரைச் சத்தத்தைக் கேட்டுவிட்டார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய தண்டல் தங்கராஜு, மரம் வெட்டியதால் கோபித்துக்கொண்ட தோட்டத்து முனி இருக்க இடமில்லாமல் புகைவீட்டுக்குக் குடிவந்துவிட்டார் என்று கண்டுபிடித்துச் சொன்னார். சாமிக்கே வீட்டுப் பிரச்சினை. ஏலத்தன்று சீனர்கள் வந்தார்கள், பழத்தைப் பார்த்தார்கள், மூன்று ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் அறை, மனைவி பெயரில், ஆரம்ப விலைக்கே கிடைத்தது.

அப்படி ஐந்து அறைகள் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிரம்பான் பாசாரில் விரித்து விற்றேன். கடைசி லயத்து மாரியம்மா ஒருநாள் வந்து ஒரு குத்துவிளக்கை எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எங்க வூட்லயும் இதே மாரி ஒன்னு இருந்துச்சி கிராணியாரே. அம்மா சீதனமா கொடுத்தது. அது கறுப்பா இருக்கும் லா, இது பளபளன்னு இருக்கு" என்றாள்.

நான் புளி போட்டுத் தேய்த்திருந்தேன். அவளுடையதுதான். மூன்றாம் அறை அவள் அண்ணனுடையது, தன் சாமானையும் அதில் வைத்திருந்தாள். அதைச் சொல்லி அவள் மனசை நோகடிப்பானேன். தெரிந்தவள் என்று விலையைக் குறைத்துக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த விளக்கு அவள் வீட்டில்தான் எரிகிறது. யாருக்கு என்ன நஷ்டம் சொல்லுங்கள்.

இனி ஒன்பதாம் அறை. அது நல்லசாமி அண்ணனுடையது. பங்களாவில் துரைக்குச் சமைத்தவர். எழுபத்திரண்டில் கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது சமையல் பிடித்துப்போன சந்தோஷத்தில் பாதி பங்களாவை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். ஆள் உயரக் கடிகாரம் ஒன்று, கற்பூர மரப் பெட்டி ஒன்று, வெள்ளிக் கரண்டிகள் ஒரு செட்டு, நீலப் பூப்போட்ட தட்டுகள். லயத்து வீட்டில் அந்தக் கடிகாரத்தை நிறுத்த இடமில்லாமல் படுக்கவைத்திருந்தார். மலாக்காவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர் ஒருவரிடம் அதைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அவர் சொன்ன விலையில் நான் ஒரு லோரியே வாங்கியிருக்கலாம். பிற்பாடு வாங்கினேன்.

நல்லசாமி அண்ணன் விற்க மாட்டேன் என்றார். மகள் மயிலம்மாளுக்கு மலிவு வீடு வந்ததும் கூடத்தில் கடிகாரத்தை நிமிர்த்தி வைக்க வேண்டுமாம். செனாவாங்கில் மகள் வாடகைக்கு இருந்த அறையில் இவரே இடைஞ்சல், கடிகாரத்துக்கு எங்கே போவது. அவருடைய ஓர் ஆண்டுக் கெடு எண்பத்தாறு ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை முடிந்தது. அந்த வாரம் திங்கட்கிழமை பெடாஸ் கடையில் என்னைப் பார்த்தார்.

"கிராணித் தம்பி, மருமவன் லோரி கேட்டிருக்காரு. சனிக்கெழமைக்குள்ள எல்லாத்தையும் எடுத்துருவேன். எதுக்கும் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

"சொல்றேண்ணே" என்றேன். சொல்லவில்லை. மறதிதான்.

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணி இருக்கும். சனிக்கிழமை ஏலத்துக்காக ஒன்பதாம் அறையில் பழம் கட்டப் போனேன். பூட்டு திறந்து கொண்டியில் தொங்கியது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கதவைச் சாத்தினேன், பூட்டைப் பூட்டினேன், எலுமிச்சம்பழத்தைக் கட்டினேன், சூலம் போட்டேன். திறந்து கிடக்கும் பூட்டைப் பூட்டுவது காவல்காரன் வேலை, அதற்குத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுத்தது. வாசலில் ஒரு ஜோடி டயர் செருப்பு கிடந்தது. யார் காலையாவது தடுக்கும் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாயா என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். பார்க்கவில்லை. குறட்டைச் சத்தம் கேட்டது, அதனால் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வெயிலில் நடந்து வந்த அசதி, கற்பூரப் பெட்டிமேல் சாய்ந்து தூங்கியிருப்பார். பூட்டின் சாவி அவர் இடுப்பில் வெள்ளி அரைஞாணில் இருந்தது. ஒரு மனிதனின் சாவியை நான் எடுத்ததில்லை. இதைக் கவனிக்க வேண்டும். அவருடைய அறை, அவருடைய பூட்டு, சாவியும் கடைசிவரை அவரிடமே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் திறந்துவிடுவதாகத்தான் இருந்தேன். ஏலம் முடிந்தபிறகு எல்லாம் சட்டப்படி என் சாமான் ஆகிவிடும், அவர் சத்தம் போட்டாலும் கேட்டுக்கொண்டு அனுப்பிவிடலாம். மூன்று நாள் ஒரு மனிதன் சோறு இல்லாமல் இருக்கலாம். சஷ்டி விரதம் ஆறு நாள் இருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றி எனக்கு அப்போது தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை மாரியம்மா மூச்சு வாங்க வந்தாள். "கிராணியாரே, ஒம்பதாம் ரூம்ல யாரோ டொம்மு டொம்முன்னு தட்றாங்க."

"பூட்டிக் கெடக்கற ரூம்ல யாரு லா இருப்பா?" என்று கேட்டேன்.

இது பொய் அல்ல, கேள்வி. பதிலை அவளே யோசித்துக் கண்டுபிடித்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், லயத்துக்கு ஓடினாள். நான் போய்ச் சேர்வதற்குள் முப்பது பேர் கூடிவிட்டார்கள். கதவு தட்டும்போதெல்லாம் மொத்தக் கூட்டமும் ஒரு அடி பின்னால் போகும், பிறகு கற்பூரம் கொளுத்த ஒருவர் முன்னால் வருவார். கெட்டிக் கதவு என்பதால் பேச்சு தெளிவாகக் கேட்காது. ஏதோ முனகல் மட்டும் வரும். மாரியம்மா மட்டும் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

"தண்ணி கேக்குறாரு" என்றாள்.

தங்கராஜுவுக்கு இது பிடிக்கவில்லை. தோட்டத்துப் பூசைகளில் முன்னால் நின்று பழக்கப்பட்டவர். "முனி எங்கயாச்சும் தண்ணி குடிப்பாரா? சம்சு கேட்டிருப்பாரு. சுருட்டும் வாங்கிட்டு வாங்க லா."

"இல்லண்ணே, தண்ணின்னு தான் சொன்னாரு. என் காதால கேட்டேன். தண்ணி, மயிலான்னு கேட்டுச்சி."

"மயிலா இல்ல புள்ள, மயில். முருகன் கூட வந்திருக்காரு போல" என்றார் தங்கராஜு.

அரை மணி நேரம் வாதம் நடந்தது. முனியோடு முருகன் வருவாரா, வந்தால் சம்சுச் சாராயம் படைக்கலாமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கடைசியில் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். படித்தவன், கிராணி. இரண்டையும் வையுங்கள், எதற்கும் வம்பு வேண்டாம் என்றேன். மாரியம்மா ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து மஞ்சள் கலந்து வாசற்படியில் ஊற்றினாள். புகைவீட்டு வாசற்படி வெளிப்பக்கமாகச் சரிவு வைத்துக் கட்டியது, மழைத் தண்ணீர் உள்ளே போய்த் தகடுகளைக் கெடுத்துவிடக் கூடாது என்று. தண்ணீர் முழுவதும் எங்கள் காலடியில் ஓடி வந்தது. ஜனங்கள் அதைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். நானும் தெளித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் நன்றாக இருக்காது.

வெள்ளிக்கிழமை உறுமி மேளம் வந்துவிட்டது. இரண்டு பெண்கள் சாமியாடினார்கள். கோழி அறுத்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள், வழக்கு உள்ளவர்கள், நாலு நம்பர் லாட்டரிக்கு எண் கேட்கிறவர்கள் எல்லோரும் பெடாஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். எத்தனை தரம் தட்டுகிறார் என்று எண்ணி நம்பர் எழுதினார்கள். காலையில் ஒன்பது தரம், பிறகு நாலு, பிறகு ஒன்று. மேளச் சத்தத்தில் பாதியை விட்டுவிட்டார்கள் என்பது என் கணிப்பு. மூன்று மணிக்கு மேல் சத்தம் இல்லை. "சாமி மலையேறிட்டாரு" என்று தங்கராஜு அறிவித்தார். கூட்டம் திருநீறு பூசிக்கொண்டு கலைந்தது.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு ஏலம். கம்பெனி அதிகாரி சின்ன வயசு, மலாய்க்காரர், மரியாதை தெரிந்த பிள்ளை. ஒன்பதாம் அறையைத் திறந்து காட்டச் சொன்னார். தங்கராஜுவும் கூட்டமும் கை கூப்பிக் குறுக்கே நின்றார்கள். பிறர் நம்பிக்கையில் தலையிட வேண்டாம் என்று அவர் திறக்காமலே ஏலம் கூறினார். என் ஒருவனைத் தவிர யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் திறக்கலாம் என்றால் ஆட்கள் கலையவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய் ரம்பத்தால் பூட்டை அறுத்தேன். நல்லசாமி அண்ணன் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். கையில் துரையின் வெள்ளிக் கரண்டி ஒன்று, தட்டித் தட்டி அதன் காம்பு வளைந்திருந்தது. அந்த ஒன்றால் செட்டு கெட்டு மலாக்காக்காரர் விலையைக் குறைத்துவிட்டார். கடிகாரத்தை நிமிர்த்தி வைத்துச் சாவி கொடுத்திருந்தார். அது சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அறையின் நெருப்புக் குழி ஆழமானது. அவரை அதில் வைத்து, தலைமாட்டில் கொஞ்சம் திருநீறு போட்டு, மண் தள்ளி, மேலே சிமெண்டு பூசினேன். பையன் இல்லாத மனிதர். கடைசியில் ஒருபிடி மண் போட ஒரு தமிழன் இருந்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மயிலம்மாள் இரண்டு நாள் கழித்து அழுதுகொண்டே வந்தாள். மருமகனோடு சண்டை போட்டுக்கொண்டு புதன்கிழமை காலையில் கிளம்பியவராம். "அப்பாவ பாத்தீங்களா அங்கிள்?" என்று கேட்டாள். தம்பின் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்றேன். என் செலவில் கூட்டிக்கொண்டு போய்ப் போலீஸ் ரிப்போர்ட் கொடுக்க வைத்தேன். உங்கள் பழைய கோப்பில் என் கையெழுத்து இருக்கும், பாருங்கள்.

புகைவீட்டை இடிக்க வந்தபோது ஜனங்கள் ஒன்பதாம் அறையைச் சுற்றிப் படுத்துவிட்டார்கள். பேசிய சாமி ஆயிற்றே. கம்பெனி அந்த ஓர் அறையை மட்டும் விட்டுக்கொடுத்தது. சிமெண்டு மேடைமேல் சூலம் நட்டார்கள், நல்ல சமதரையாக இருந்ததால். என்னைத் தலைவராக்கினார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். கோயில் தரையை யாரும் தோண்ட மாட்டார்கள். ஏழு ஆண்டுகள் தலைவராக இருந்தேன். கூரை போட்டேன், கிணறு வெட்டினேன். அந்த ஊரில் எந்தத் தாகத்துக்கும் இப்போது தண்ணீர் உண்டு. மயிலம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் வேலை முடிந்து வந்து, அப்பா கிடைக்க வேண்டும் என்று மேடையில் விளக்கேற்றுவாள். அவளைப் பார்க்க எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருக்கும். திருவிழாவில் முதல் மாலையை அவளுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தேன்.

போன ஆண்டு புதுச் சாலைக்காகக் கோயிலை மாற்ற வேண்டும் என்றார்கள். வேறு இடமும் பணமும் தருவதாகச் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கையெழுத்து வேட்டை, மனு, உண்ணாவிரதம் எல்லாம் நடத்தினேன். சாமிக்காக உயிரைக் கொடுப்பேன் என்று பேசியதற்குச் சால்வை போட்டார்கள். தங்கராஜுவே கடைசியில் புது இடத்துக்குச் சம்மதித்துவிட்டார். போன செவ்வாய்க்கிழமை இயந்திரம் வந்து மேடையைத் தூக்கியது. வெள்ளி அரைஞாணையும் சாவியையும் மயிலம்மாள்தான் அடையாளம் சொன்னாளாம். அவள் வேண்டுதல் பலித்துவிட்டது என்று மாரியம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் தட்டச்சுப் போட்டுக் கொண்டுவந்த நேற்றைய தாளில் ஒரு திருத்தம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பிறகு சத்தம் இல்லை என்று போட்டிருக்கிறீர்கள். அது மற்றவர்கள் சொன்னது, அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் உள்ளே இருந்தது சாமி இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன், ஆகவே நான் சொல்வதைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை ஏலத்தின்போது கூட்ட நெரிசலில் என் முதுகு ஒன்பதாம் அறைக் கதவில் அழுந்தியிருந்தது. அதிகாரி என் விலையைச் சொல்லி, மேலே கேட்பவர் உண்டா என்று கேட்டார். அப்போது கதவு இரண்டு தரம் அதிர்ந்தது. மெதுவாகத்தான், என் முதுகுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு. என் முகம் மாறியிருக்க வேண்டும், அதிகாரி என்னையே பார்த்தார். நான் இருமிக்கொண்டு, போட்டிக்கு ஆளே இல்லாத இடத்தில், என் விலைக்கு மேல் நானே ஐந்து வெள்ளி கூட்டிச் சத்தமாகக் கேட்டேன். அந்த அறையை நான் அநியாய விலைக்கு அடித்துவிட்டேன் என்று வெளியே பேசுகிறவர்களுக்கு, தயவுசெய்து இந்த ஐந்து வெள்ளியைப் பற்றிச் சொல்லுங்கள்.